கையால வரைஞ்சதா, பிரிண்டா?

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்தின் ஆறாம் நாள். அர்ஜுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார், அரையர் சேவை நடக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் ஐந்தே நாள். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே நடக்க இடமில்லை. வளையல் கடை, பாத்திரக் கடை, பொரி உருண்டை, பலூன், பஞ்சுமிட்டாய், ஐம்பது ரூபாய்க்குச் சட்டம் போட்ட பெருமாள் படம்.

அதே ஞாயிறு, பெங்களூரு குமார க்ருபா சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். சாலையின் இருபுறமும் ஓவியங்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுக்கு ஒரு நாள் நடத்தும் ‘சித்திர சந்தே’யின் 22-ஆவது ஆண்டு அது. 1,500-க்கும் மேற்பட்ட ஓவியர்கள், நூறு ரூபாயிலிருந்து லட்சங்கள் வரை விலை. அந்த வரிசையில் தமிழ்நாட்டு ஓவியர்களும் உண்டு. காவிரிக் கரைக்காரர் என்றால், முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ திருச்சி ஜங்ஷனில் மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறி, பெர்த்துக்கு அடியில் படச் சுருளைச் செருகி, யாராவது பெட்டியை அதன் மேல் தள்ளிவிடுவார்களோ என்று பாதித் தூக்கம் தூங்கி வந்திருப்பார்.

தன் வீட்டு வாசலுக்கே லட்சக்கணக்கான பேர் வருகிற வாரத்தில், தன் படத்தை விற்க ஓவியர் ஏன் இன்னொரு மாநிலத்துக்கு ரயில் ஏறுகிறார்? திருச்சிக்காரர்களிடம் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: “இங்க யார் சார் பெயிண்டிங் வாங்குறா?” பதில் சுலபமாக இருக்கிறது. ஆனால் தப்பு. ஸ்ரீரங்கம் வந்துபோகிற கூட்டம் ஓவியம் வாங்காத கூட்டமே இல்லை. வரைந்தவர் பெயரைத்தான் அது வாங்கியதில்லை.

பெருமாளை வரைந்தவர் யார்?

கருவறையில் பெரிய பெருமாளைப் படம் எடுக்க அனுமதி கிடையாது. உற்சவரான நம்பெருமாள் வீதிக்கு வருகிறார், வாகனத்தில் ஏறுகிறார், ஆயிரம் செல்போன்களில் பதிவாகிறார். மூலவர் அப்படியில்லை. ஐந்து தலை ஆதிசேஷன் மேல், மேற்கே தலை வைத்து, தெற்கு நோக்கிச் சயனித்திருக்கும் அந்தச் சுதைத் திருமேனியை வரிசையில் நகர்ந்துகொண்டே சில நொடிகள் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆக, ஸ்ரீரங்கத்திலிருந்து பூஜை அறைக்குப் போகும் சயனக் கோலப் படம் ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஓவியர் கையால் வரைந்து, பிறகு அச்சாகிப் பெருகியது. நகையும் மாலையும் பாம்பணையின் வளைவும் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். ‘யார்’ என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. வாங்குகிறவர் கேட்பதுமில்லை.

கேட்காததால் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆதிசேஷனுக்கு ஐந்துக்குப் பதில் ஏழு தலை போட்டுவிட்டு, உத்திர வீதியில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மாலைக்குள் பத்துப் பேராவது பிடித்துக்கொள்வார்கள். திருமண் காப்பு வடகலையா தென்கலையா என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார்கள். சென்னையில் ஏசி போட்ட கேலரிகளில் படத்தைவிட விருந்தினர் பட்டியலை அதிகம் கவனிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே வெயிலில் நிற்கிற கூட்டத்துக்குப் பார்க்கத் தெரியும். பார்க்கிறதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் மட்டும் வேறு மாதிரி.

காக்காப்பொன் கடை

ஊருக்கு வந்துபோகிறவர்களுக்குப் படம் விற்பது திருச்சிக்குப் புதிய தொழில் அல்ல. கர்நாடக நவாபின் ஆட்சி முடிந்து 1801-இல் திருச்சி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பெரிய ராணுவ முகாம். சிப்பாய், அதிகாரி, அவர்கள் குடும்பம், பாதிரிமார், வழிப்போக்கர். இவர்களுக்கெல்லாம் ஊருக்கு அனுப்ப ஏதாவது வேண்டும். திருச்சி சுருட்டு உலகமெங்கும் போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் நாவலிலேயே சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டு என்கிறார். வெள்ளிச் சங்கிலி போனது. கூடவே மைக்கா படங்களும் போயின.

மைக்கா என்றால் காக்காப்பொன். ஏடு ஏடாக உரியும், கண்ணாடி போல ஊடே தெரியும். அந்த மெல்லிய தகட்டில், தெய்வங்களையும் வாகனப் புறப்பாட்டையும் பல தொழில் செய்வோரையும் அடர் வண்ணத்தில் வரைந்தார்கள். முர்ஷிதாபாத், பாட்னா, காசி, திருச்சி ஆகியவை இதற்குப் பேர்போன ஊர்கள். கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், மூலப் படத்தைக் கீழே வைத்து மேலே தகட்டைப் போட்டால் கோடு அப்படியே தெரியும். மேலோடு இழுத்தால் போதும். கை வேகம், பிரதிக்குப் பிரதி மாறாத உருவம், சல்லிசான விலை. ஒரு கட்டுப் படங்களையே கடிதத்தோடு சேர்த்துக் கப்பலில் அனுப்பிவிடலாம், எடையே இருக்காது.

இன்னும் சாமர்த்தியமான வகை ஒன்று இருந்தது. ஒரு அட்டையில் முகம் மட்டும் வரைந்திருக்கும். கூடவே கொத்தாக மைக்கா தகடுகள். ஒவ்வொன்றிலும் உடையும் கையில் பிடித்த பொருளும் இருக்கும், முகத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக. ஒரு தகட்டை முகத்தின் மேல் வைத்தால் பூக்காரி. அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் சிப்பாய். சீமையில் இருக்கிற குழந்தைகளுக்கு மாலை நேர விளையாட்டு. இதைக் கண்டுபிடித்தவர் எவரானாலும் வாங்குகிறவரின் பையையும், அவர் வீட்டுக் கூடத்தையும் நன்றாக யோசித்தவர்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தத் திருச்சி மைக்கா படங்கள் இன்றும் இருக்கின்றன. வரைந்தவர் பெயர் என்ற இடத்தில் ஊர்ப் பெயர்தான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊருக்கு வந்த வெள்ளைக்கார ஓவியர் இருவரை எடுத்துக்கொள்ளலாம். தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம். 1792-இல் தெற்கே சுற்றுப்பயணம் வந்து, திருச்சி மலைக்கோட்டையை வரைந்தவர்கள். அவர்களுக்கும் விற்பனைதான் தலைவலி. கல்கத்தாவில் படங்களை லாட்டரிப் பரிசாக வைத்துத் திரட்டிய பணத்தில்தான் தெற்கே வந்தார்கள். சென்னை திரும்பியதும் இன்னொரு லாட்டரி. பிறகு லண்டனில் அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். அச்சுக்குக் கீழே இருவர் பெயரும் இருந்தது, இன்றும் ஏலத்தில் அந்தப் பெயருக்குத்தான் விலை. மலைக்கோட்டையின் அடிவாரத்திலேயே வாழ்ந்து, அதே காலத்தை ஒட்டி மைக்காவில் வரைந்தவர்களுக்குத் தொழில் தெரிந்தது, வாடிக்கையாளர் தெரிந்தது. கையெழுத்துப் போடும் வழக்கம்தான் அந்தத் தொழிலில் இல்லை.

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் புகைப்படங்கள் தொகுப்பாக வெளிவந்தன. மைக்கா கடையின் காலம் அங்கிருந்து மங்கத் தொடங்கியது என்று சொல்லலாம். நினைவுக்குப் படம் வேண்டியவர்கள் மெல்லப் புகைப்படத்துக்கும், பிறகு போஸ்ட் கார்டுக்கும் போய்விட்டார்கள்.

சிவகாசி வந்த பிறகு

உள்ளூர்க்காரர்களின் பூஜை அறையை அச்சு பிடித்தது. 1894-இல் ரவி வர்மா தொடங்கிய அச்சகம், பிறகு கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும், அவர்கள் வரைந்ததைக் காலண்டராக்கி நாடெங்கும் அனுப்பிய சிவகாசி. மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் முருகனுக்குப் பிறகு, காசு கொடுத்து வாங்க வேண்டிய முருகனை எவர் வாங்குவார்? ஆனால் கொண்டையராஜு பெயர் நிலைத்தது. காலண்டரின் மூலையில் இருந்த கையொப்பம் அவருக்கு உதவியது.

பத்திரிகைகளும் உதவின. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வந்தபோது, கோயில் கோயிலாக உட்கார்ந்து சிலைகளை வரைந்த சில்பியின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சட்டம் போட்டவர்கள் ஸ்ரீரங்கத்திலும் உண்டு. இதே மாவட்டத்துக்காரர் கே.எம். ஆதிமூலம். துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். கேலரிப் பக்கமே போகாத வாசகர்கள் அவரை அறிந்தது, ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட கோடுகளால்தான்.

இன்று திருச்சியில் வரைகிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தப் பக்கங்கள் இல்லை. வாராந்தரிகளில் ஓவியருக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது என்பதை ஒரு வாராந்தரியிலேயே எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவருக்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறது. ‘சூப்பர்’ என்று எழுதுகிறவர்களில் எவரும் ‘எவ்வளவு’ என்று கேட்பதில்லை. ஆகவே ஒரு நாள் தெருவுக்கு வருகிறார்.

முதல் போணி

முதல் முறை கடை விரிப்பவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். மேஜை நிறையப் பெரிய படங்கள், எல்லாம் கண்ணாடி போட்டவை. வெயில் ஏறியதும் கண்ணாடியில் தெருதான் தெரியும், படம் தெரியாது. விலைச் சீட்டு இருக்காது. விலையை எழுதி ஒட்டுவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம், கேட்டால் சொல்லலாம் என்ற நினைப்பு. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதையாக இருக்காதே என்று ஒதுங்கிவிடுவார்கள். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில்லறை இருக்காது. படத்தைப் போட்டுக் கொடுக்கப் பை இருக்காது. உறவினர்கள் நாலு பேர் ஆதரவு தருவதற்காக வந்து, சரியாக மேஜைக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அந்தக் கேள்வி வரும்.

“கையால வரைஞ்சதா, பிரிண்டா?”

“கையாலதாம்மா.”

“நீயே வரைஞ்சதா தம்பி?”

“ஆமாம்மா.”

“அப்படியே பிரிண்ட் மாதிரியே இருக்கே!”

இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அச்சுப் படத்தின் வழவழப்பே அழகு என்று நாலு தலைமுறையாகப் பழகிய கண். அடுத்து, ஸ்ரீரங்கத்துக்கே உரியது: “எங்காத்துப் பேத்திகூட நன்னா வரைவா.” அதற்கு ஓவியர் என்ன பதில் சொல்வது? “கூட்டிண்டு வாங்கோ மாமி” என்று சொல்லத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். அந்தப் பேத்தி வந்தால் நாற்பது ரூபாய் புத்தகக் குறி ஒன்றாவது போகும்.

போணி ஆகும் வரை தெருவில் எவருக்கும் முகம் தெளியாது. பக்கத்து வளையல் கடைக்காரர் முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார், பத்து ரூபாய் நட்டமானாலும் கொடுத்துவிட்டு, வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஓவியருக்கு அந்த மனசு வர நேரமாகும். ஏனென்றால் அவர் விலை வேறு கணக்கில் நிற்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஏ3 நீர்வண்ணப் படத்துக்கு இரண்டு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிப்பவருக்குக் கொடுக்கும் நாள் கூலியையே இவருக்கும் போடுவோம், அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். நாளுக்கு 900 ரூபாய் என்றால் 1,800. தாளும் வண்ணமும் 200. சட்டம் 500. 2,500 ஆகிவிட்டது. இதில் கடை வாடகை, ஆட்டோ, மழைக்கு வாங்கிய தார்ப்பாய், விற்காமல் திரும்பும் படங்களின் பங்கு, எதுவும் சேரவில்லை. வழிப்போக்கர் 300 ரூபாய் என்கிறார். அவரை நொந்துகொள்ள எனக்கு மனமில்லை. பத்தடி தள்ளி அதே அளவில், லேமினேஷன் போட்ட பெருமாள் 150 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, 300 என்பது அவர் கணக்கில் தாராளம்.

தஞ்சாவூர் ஓவியக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் தங்க ரேக்கு இருக்கிறது. “ஒரிஜினல் கோல்டா?” என்று கேட்பார்கள், என்ன கல் பதித்தது என்று கேட்பார்கள், நகைக் கடையில் பேசுகிற அதே தொனியில் பேரம் நடக்கும். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிகிறது. ஒரு கோட்டின் விலையை நிறுக்கத்தான் நம்மிடம் தராசு இல்லை.

வானிலையும் ஒரு வாடிக்கையாளர்தான், முதலில் வருவது அதுதான். மார்கழிப் பனியில் தாள் நெளியும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கடை போடலாம் என்று ஆசைப்பட்டால், ஆடிக் காற்று படத்தைக் கிளிப்போடு சேர்த்துப் பிடுங்கிக் காவிரியில் விடும். சித்திரைத் தேருக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களே திரண்டு வரும், வெயிலும் சேர்ந்து வரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் வேர்த்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் பலருக்குச் சட்டமில்லாமல், பின்னால் கெட்டி அட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு விற்கலாம் என்ற புத்தி வருகிறது. அப்படி விற்றால் விலையும் 500 குறைகிறது, பேருந்தில் ஒரு கையில் பிடித்துக்கொண்டும் போகலாம். மைக்கா கடைக்காரருக்கு இது இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரியும்.

ஒன்று மட்டும் எந்தத் திருவிழாவிலும் பொய்த்ததில்லை: அங்கேயே உட்கார்ந்து வரைகிறவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். பத்து நிமிஷத்தில் குழந்தையின் முகத்தைப் பென்சிலில் போட்டுக் கொடுத்தால் பேரம் பேசமாட்டார்கள். கை ஓடுவதைக் கண்ணால் பார்த்தாயிற்று, பிரிண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. கூச்சப்படுகிற ஓவியர்கள் இதைத் தரம் தாழ்ந்த வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்து நிமிஷம் நின்றவர்தான் பக்கத்தில் தொங்கும் பெரிய படத்தையும் பார்க்கிறார், ஜிபே செய்கிறபோது திரையில் வரும் பெயரைப் படித்து, “நீங்க எந்த ஊரு?” என்கிறார்.

எந்த வரிசையில் நிற்பது?

தெருவுக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசு கண்காட்சிகளில் கடை பெற, கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் போட்டால் அட்டைக்கு வழியுண்டு, கருப்பூர் கலம்காரிக்கு உண்டு. தஞ்சாவூர் ஓவியமும் கருப்பூர் கலம்காரியும் புவிசார் குறியீடு பெற்றவை. 1887-இல் தொடங்கிய கும்பகோணம் ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே படித்து, மாம்பழச் சாலைப் போக்குவரத்தையோ காவிரி மணலில் நிற்கும் லாரிகளையோ தன் பாணியில் வரைகிறவர் எந்தக் கைவினைக்காரர்? பட்டியலில் அவருக்குப் பெயரில்லை. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் 1986-இலிருந்து இருக்கிறது. விழாக்கள் நடத்துகிறது, கைவினைக் கடைகளும் போடுகிறார்கள். அங்கே போகிறவர்கள் பலரும் மரபுக் கலை என்ற வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். அதனால் என்ன ஆகிறது தெரியுமா? தெருவை வரைகிற பையன் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு, நவநீத கிருஷ்ணனுக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறான். வயிற்றுப்பாட்டுக்குச் சரிதான். அவன் வரைந்திருக்கக்கூடிய திருச்சி வரையப்படாமல் போகிறது.

தெருவுக்கென்று ஒரு சட்டமும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழு, சான்றிதழ், விற்பனைப் பகுதி என்று எல்லாம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நடக்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாகக் காக்கவும் வழி சொல்கிறது. தெரு விற்பனையையே பிழைப்பாகக் கொண்டவருக்கான சட்டம் அது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். என்.எஸ்.பி. சாலைத் தரைக்கடைக்காரர்களின் நீண்ட வழக்கைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் மேஜை போட வருகிற ஓவியர் அவர்கள் இடத்தைப் பிடிப்பதில் நியாயமும் இல்லை. ஆகவே முதல் முறைக்காரர் தெரிந்தவர் வீட்டு வாசலைக் கேட்கிறார். திருவிழா ஊர்களில் இது பழைய ஏற்பாடு. வீட்டுக்காரருக்கு ஒரு தொகை, வாசல் தெளிக்கும் நேரத்துக்கு முன் மேஜையை எடுத்துவிட வேண்டும், படியில் செருப்போடு ஏறக் கூடாது.

பெங்களூரில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால், பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. 1960-இல் எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் தொடங்கிய கலை நிறுவனம் சித்ரகலா பரிஷத். அதன் வாசல் உள்ள சாலையையே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்குகிறார்கள். முன்கூட்டி விண்ணப்பம், தேர்வு, ஆளுக்குச் சில அடி இடம். ஒவ்வோர் ஆண்டும் எதற்காவது காணிக்கை: 2024-இல் இஸ்ரோ விஞ்ஞானிகளுக்கு, 2025-இல் பெண் குழந்தைகளுக்கு. கொரோனாவின்போது 2021-இல் இணையத்தில் நடத்தினார்கள். மற்றபடி ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே காலத்தில், அதே தெருவில் நடக்கிறது. அது முக்கியம். போன வருஷம் 200 ரூபாய்க்கு வாங்கியவர் இந்த வருஷம் அதே ஓவியரைத் தேடி வருகிறார். “போன தடவை யானை ஒண்ணு வாங்கினேனே” என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் ஓவியருக்குப் பெயர் உண்டாகிறது. தேடி வரத் தோதாக, அதே இடத்தில் அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தின் நடைபாதை ஓவியக் கண்காட்சிக்கும் இப்படியொரு தொடக்கக் கதை உண்டு. 1931-இல், பெரும் பொருளாதார மந்தத்தில் வாடகைக்குத் திண்டாடிய ஜாக்சன் போலாக் தன் படங்களை நடைபாதையில் பரப்பினார், பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பார்கள். போலாக் பின்னால் எங்கேயோ போய்விட்டார். நடைபாதைக் கண்காட்சி தங்கிவிட்டது.

நம் பக்கத்திலேயே சோழமண்டலம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-இல் குடியேறினார்கள். ஓவியம் விற்காத காலத்தில் துணியை விற்று ஓவியத்தைக் காப்பாற்றியவர்கள். காலையில் துணிக்கு மெழுகு போட்டவர்கள் மாலையில் கான்வாஸ் முன் நின்றார்கள். புத்தகக் குறி விற்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

ஒரு ஞாயிறு போதும்

திருச்சிக்கு ஒரு தெரு வேண்டும். ஸ்ரீரங்கத்து வீதிகளைக் கேட்க வேண்டாம். அவை தேருக்கும் புறப்பாட்டுக்கும் உரியவை, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் இன்னொரு மேஜைக்கு இடமும் இல்லை. நவராத்திரிக்கு முன் சிங்காரத்தோப்பு பூம்புகார் கடையில் கொலு பொம்மை வாங்க ஊரே போகிறதே, அந்தக் காலமும் வேண்டாம். அப்போது எல்லோர் கையிலும் பொம்மைதான் இருக்கும், படத்தைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

ராப்பத்து முடிந்து, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு. பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. இடம், கன்டோன்மென்ட். மைக்கா படம் வாங்கியவர்கள் குடியிருந்த பகுதி. அகலமான சாலைகள், மர நிழல், ஞாயிறு காலையில் வண்டியும் குறைவு. பாரதிதாசன் சாலையில் ஒரு பகுதியை மாநகராட்சி எட்டு மணி நேரம் கொடுத்தால் போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்.

நடத்துகிறவர்கள் கழிவறைக்கும் குடிதண்ணீருக்கும் முதலில் ஏற்பாடு செய்யட்டும். பெண் ஓவியர்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. மேடை, மைக், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். மரபு, நவீனம் என்று இரண்டு வரிசை பிரிக்க வேண்டாம், ரங்கநாதருக்குப் பக்கத்தில் மணல் லாரி தொங்கட்டும். டீக்கடைகளை மட்டும் படங்களிலிருந்து பத்தடி தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் இரண்டே நிபந்தனை போடலாம். ஒவ்வொரு படத்துக்கும் விலை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பெருமாள் படமே ஆனாலும், கீழ் மூலையில் வரைந்தவர் பெயரும் ஊரும் தமிழில் இருக்க வேண்டும்.